600 டாலருக்கு ஒரு வி-8: அமெரிக்கப் பையன்களின் முதல் கார்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் அறுபதைத் தாண்டிய ஆண்களிடம் பேச்சுக் கொடுத்தால், பள்ளியில் படிக்கும்போதே மஸ்டாங் வைத்திருந்தேன், ஷெவெல் வைத்திருந்தேன் என்று பெருமூச்சு விடுகிறார்கள். பதினாறு வயதுப் பையனுக்கு அந்த மாதிரி கார் எப்படிக் கட்டுப்படியாயிற்று? உண்மையா, கதை விடுகிறார்களா?"

இரண்டும்தான். கட்டுப்படியானது உண்மை. கொஞ்சம் கதை விடுவதும் உண்மை.

நான் டெட்ராய்ட் பக்கம் ட்ராய் என்ற ஊரில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். வேலை, பிரேக் சோதனை. எங்கள் சோதனைக்கூடத்தில் கூட வேலை பார்த்த டெக்னீஷியன் ஒருவர் 1960இல் பிறந்தவர். 1976இல், பதினாறு வயதில், ஆறு வருடம் ஓடிய 1970 மாடல் பிளிமத் டஸ்டர் ஒன்றை 600 டாலருக்கு வாங்கினார். மதியச் சாப்பாட்டில் அந்தக் காரின் பேச்சு வராத வாரமே கிடையாது. நான் சொல்லப்போவதில் பாதி படித்தது, மீதி அவர் வாயால் கேட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நீங்கள் கேட்கிற இந்த ரகத்துக்குப் பெயர் மசில் கார். அது ஃபெராரி மாதிரி பிறப்பிலேயே உசந்த சாதி வண்டி இல்லை. அப்பா ஆபீசுக்கும் அம்மா மளிகைக் கடைக்கும் எடுத்துப்போகும் நடுத்தர சைஸ் காரை எடுத்து, அதற்குள் பெரிய காரின் வி-8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜினைத் திணித்தால் அதுதான் மசில் கார். மலிவுக்கு முதல் காரணம் இந்தத் திணிப்புதான். புதிதாக எதையும் செய்யவில்லை. இருந்த இரண்டைச் சேர்த்தார்கள்.

அதைச் சேர்த்த விதம் சுவாரஸ்யமானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1963 தொடக்கத்தில், இனி நம் கம்பெனி கார் பந்தயத்தின் பக்கமே போகாது என்று முடிவு செய்தது. நடுத்தர சைஸ் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக்கூடாது என்றும் ஒரு விதி வைத்திருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும் டெம்பெஸ்ட் என்ற சாதுவான காரில் 389 கன அங்குல இன்ஜினை வைத்துப் பார்த்தார்கள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. ஆனால் விதி குறுக்கே நிற்கிறதே? தனி மாடலாகக் கொண்டுவந்தால்தானே மேலிடத்து அனுமதி வேண்டும், வேண்டுமென்கிறவர்கள் கேட்டு வாங்கும் கூடுதல் பொருத்தமாகப் போட்டுவிடுவோம் என்று சுமார் 295 டாலர் விலை வைத்து 1964 மாடலில் நுழைத்துவிட்டார்கள். ரேடியோ வேண்டுமா, வெள்ளை வரி டயர் வேண்டுமா என்கிற பட்டியலோடு 325 குதிரைத்திறனும் சேர்ந்துகொண்டது. அதுதான் ஜி.டி.ஓ. ஐயாயிரம் விற்றால் போதும் என்று நினைத்த இடத்தில் முதல் வருடமே 32,450 போனது.

அதே 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங்கை இறக்கியது. விலை 2,368 டாலரிலிருந்து. இன்றைய பணத்தில் சுமார் 24,000. அடியில் இருந்தது ஃபால்கன் என்ற சிக்கன காரின் சாமான்தான். சட்டப்படி பார்த்தால் இது மசில் கார் இல்லை, போனி கார் என்று தனி ஜாதி. வண்டிப் பிரியர்கள் இதற்காக மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். முதல் கார் வாங்கும் பையனுக்கு அந்தச் சண்டை தேவையில்லை.

விலையைக் கீழே தள்ளுவதில் எனக்குப் பிடித்தது 1968இன் பிளிமத் ரோட் ரன்னர். ஜி.டி.ஓ.வும் மற்றவையும் வருடத்துக்கு வருடம் அலங்காரம் கூடி விலை ஏறிக்கொண்டிருந்தபோது, இவர்கள் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். டாக்ஸிக்குப் போடுகிற மாதிரி முழு நீள பெஞ்ச் சீட்டு. தரையில் கம்பளம் இல்லை, ரப்பர் விரிப்பு. ஆனால் உள்ளே 335 குதிரைத்திறனுடன் 383 இன்ஜின். 2,896 டாலர். வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து கார்ட்டூன் பறவையின் பெயரையும் படத்தையும் வாங்கிக்கொண்டு, ஹார்ன் அடித்தால் அந்தப் பறவை மாதிரியே 'பீப் பீப்' என்று கத்த வைத்தார்கள். முதல் வருடம் நாற்பதாயிரத்துக்கு மேல் விற்றது. இரண்டு வருடம் கழித்து அதே கம்பெனி இன்னும் சின்னதான டஸ்டரில் 340 இன்ஜினை வைத்து 2,547 டாலருக்கே கொடுத்தது.

ஆனாலும் புதுக்கார் விலை பள்ளிப் பையன் கைக்கு எட்டாது. புதிதாக வாங்கியவர்கள் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுத் தொழிற்சாலை ஆட்களும் ராணுவத்திலிருந்து திரும்பியவர்களும். பையன் கைக்கு வந்தது ஐந்தாறு வருடம் கழித்து, அவர்கள் இதை எப்படியாவது தலைமுழுக வேண்டும் என்று நினைத்த காலத்தில். பெருமூச்சின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

ஏன் தலைமுழுக நினைத்தார்கள்? முதல் அடி இன்ஷூரன்ஸ். அறுபதுகளின் கடைசியில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வண்டி எடையையும் குதிரைத்திறனையும் வகுத்துப் பார்த்து, ஓட்டுபவர் இளைஞர் என்றால் தாளித்துவிட்டார்கள். கார் தவணையைவிட இன்ஷூரன்ஸ் அதிகம் கட்டியவர்கள் உண்டு. அடுத்தது புகைச் சட்டம். 1970 கடைசி நாளில் தூய காற்றுச் சட்டம் கையெழுத்தானது. ஈயம் குறைந்த சாதாரண பெட்ரோலில் ஓட வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 1971இல் தன் எல்லா இன்ஜின்களிலும் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்தும் அளவை, குறைத்தது. 1972இலிருந்து குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது. அதுவரை ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் இல்லாமல் இன்ஜினை மேடையில் தனியாக ஓட்டி அளந்தார்கள். இனி வண்டியில் இருக்கிறபடியே அளக்க வேண்டும். 275 என்று விற்ற 340 இன்ஜின் ஒரே வருடத்தில் 240 ஆனது. கொஞ்சம் நிஜமாகவே குறைந்தது, கொஞ்சம் பொய் கழன்றது.

பிறகு 1973 அக்டோபர். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பங்க் வாசலில் தெருக்கோடி வரை வரிசை. 1974 தொடக்கத்தில் நாடு முழுக்க மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம். இந்த வண்டிகளின் மைலேஜைச் சொன்னால் சிரிப்பீர்கள். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். பெரிய இன்ஜின் ஊருக்குள் மூன்றரைதான் கொடுக்கும். போதாததற்கு, பழைய உயர் கம்ப்ரஷன் இன்ஜின்களுக்கு ஈயம் கலந்த உயர்ரக பெட்ரோல் வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியில் அது பங்குகளில் அரிதாகிவிட்டது. சாதாரண பெட்ரோல் போட்டால் மேட்டில் ஏறும்போது டப்பாவுக்குள் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி 'நாக்' ஆகும்.

இதற்குள் முதல் சொந்தக்காரருக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்திருக்கும். இரண்டு கதவு வண்டியில் தொட்டிலை எப்படி ஏற்றுவது? இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் காலக் கார்களின் மைல் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். ஒரு லட்சம் மைல் தாண்டினால் மறுபடி பூஜ்யம். அதற்கு மேல் ஓடும் என்று செய்தவர்களே நினைக்கவில்லை. ஆறு வருடக் கார் என்றால் கிழடு. அதுவும் மிச்சிகனில், பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு ஆறு குளிர்காலத்தில் தகட்டைத் தின்றுவிடும்.

ஆக, பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கைகழுவிய வண்டி அது. சந்தையின் அடிமட்டத்தில் போய் விழுந்தது. அடிமட்டத்தில் யார் நிற்பார்கள்? கையில் சில நூறு டாலரோடு பதினாறு வயதுப் பையன். யாரும் அவனுக்காகத் திட்டம் போட்டு மலிவு விலை வைக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். 1976இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.30 டாலர். என் நண்பர் பள்ளி விட்டதும் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தார். 600 டாலர் என்றால் 261 மணி நேரம். வாரம் பதினைந்து மணி நேரம் என்று வைத்தால் நாலு மாதம். விலைவாசியை வைத்துப் பார்த்தால் அந்த 600 இன்றைக்குச் சுமார் 3,300 டாலர். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியோ 2009இலிருந்து 7.25இலேயே நிற்கிறது, அந்தக் கூலிக்கு 455 மணி நேரம் உழைக்க வேண்டும். பல மாநிலங்களில் கூலி இதைவிட அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 3,300 டாலருக்கு இன்று கிடைப்பது இரண்டு லட்சம் மைல் ஓடிய கொரோலா. நல்ல வண்டிதான். நாற்பது வருடம் கழித்து அதை நினைத்து யாராவது பெருமூச்சு விடுவார்களா என்பது வேறு கேள்வி.

வாங்குவது மட்டும் போதாது, ஓட்ட வேண்டுமே. இங்கேதான் அந்தக் கார்களின் எளிமை கைகொடுத்தது. பானெட்டைத் தூக்கினால் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் தரை தெரியும். உள்ளே இறங்கி நின்றே வேலை பார்க்கலாம் என்பார் நண்பர், பாதி விளையாட்டாக. பிளக், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பேன் பெல்ட்: எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று ஒரு சனிக்கிழமையில் பிடிபட்டுவிடும்.

சி.பி. பாயிண்ட், அதாவது பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனைகள், அதை வைப்பதை அவர் எனக்குச் செய்தே காட்டினார். அம்பாசடர் ஓட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டின் இரு முனைகளும் முழுதாக விலகி நிற்கிற இடத்துக்கு இன்ஜினைச் சுற்றி நிறுத்த வேண்டும். அந்த இடைவெளி 0.016 அங்குலம் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இல்லையா? சிகரெட் பிடிக்கிறவரிடம் காகித தீக்குச்சிப் பட்டை வாங்கி, அதன் அட்டையைச் செருகிப் பார். லேசாக உரசிக்கொண்டு வெளியே வந்தால் சரி. ஸ்க்ரூவை முறுக்கு, மூடியைப் போடு, சாவியைத் திருப்பு. இதைச் சொல்லிக்கொடுத்தது அவருடைய அப்பா இல்லை, பங்கில் இருந்த மெக்கானிக். அப்பாவுக்கு அந்தக் காரே பிடிக்கவில்லையாம்.

சாமான் வேண்டுமென்றால் காயலான் கடை. ஷெவர்லேயின் சின்ன வி-8 1955இலிருந்து ஒரே குடும்பம். ஒரு கிழட்டு இம்பாலாவிலிருந்து கழற்றிய 350 இன்ஜின், அதைவிடச் சின்ன காரான நோவாவில் போய் உட்காரும். புது சாமானுக்கு சிகாகோவின் ஜே.சி. விட்னி கேட்டலாக். பொடி எழுத்தில், மெல்லிய தாளில், இல்லாத சாமானே இல்லை. பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்ததாக ஒருவர் இல்லை, எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் சொல்லியிருக்கிறார்கள்.

டஸ்டரின் ஓட்டுநர் பக்கத் தரை உப்பில் அரித்துப் போய், கால் விரிப்பைத் தூக்கினால் ரோடு ஓடுவது தெரியுமாம். டிங்கர் வேலைக்குக் காசில்லை. நண்பர், அம்மா பிஸ்கட் சுடும் தகடு ஒன்றை எடுத்து, ஓரத்தை மடக்கி, ரிவெட் அடித்து, மேலே தார் பூசிவிட்டார். அந்த வருட கிறிஸ்துமஸுக்கு அம்மா தகட்டைத் தேடியபோது வாயைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த கோடையில்தான் குட்டு வெளிப்பட்டது.

இப்போது கதை விடுகிற பகுதிக்கு வருகிறேன். நினைவில் எல்லாருடைய காரும் பெரிய இன்ஜின்தான். ஆனால் பிளிமத்தின் தாய்க் கம்பெனியான கிரைஸ்லரின் பேர்போன 426 ஹெமி இன்ஜினோடு தெருவுக்கு வந்த கார்கள் 1966இலிருந்து 1971 வரை எல்லாம் சேர்த்தே சுமார் 11,000. 'ஹெமி வைத்திருந்தேன்' என்று என்னிடம் சொன்னவர்களை வைத்துக் கணக்குப் போட்டால், அத்தனையும் இந்த ஒரு மாவட்டத்திலேயே ஓடியிருக்க வேண்டும். மஸ்டாங்கிலும் ஏராளமானவை 120 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் வண்டிகள். பார்க்கச் சிங்கம், பிக்கப்பில் பசு. பையனுக்கு அது போதுமாயிருந்தது, ஏனென்றால் வெளியே நின்று பார்க்கிற பெண்ணுக்கு எத்தனை சிலிண்டர் என்று தெரியாது.

என் நண்பரும் விலக்கில்லை. அவர் டஸ்டர் எப்போதும் '340'தான். ஓய்வு பெறுகிற வாரம், பத்திரமாக வைத்திருந்த பழைய பதிவுச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். கிரைஸ்லர் கம்பெனியின் அந்தக் கால வண்டி எண்ணில் ஐந்தாவது இடத்து எழுத்து இன்ஜினைச் சொல்லும். 340க்கு 'எச்'. இதில் இருந்தது 'ஜி'. அதாவது 318, வாடகைக் காருக்கும் போடுகிற சாது இன்ஜின். நான் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏர் கிளீனர் மேல் 340 என்று ஸ்டிக்கர் ஒட்டியது நான்தான்" என்றார்.

வேகம் என்கிற மயக்கமும் அப்படியே. அன்றைய நல்ல மசில் கார்கள் கால் மைலைப் பதினான்கு வினாடிச் சொச்சத்தில் ஓடின. 301 குதிரைத்திறன் டொயோட்டா காம்ரி வி-6, ஏசி போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அதே நேரத்தில் ஓடும்.

நிற்பதைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியாது, என் பிழைப்பே அதுதான். அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடவை அழுத்தினால் ஒழுங்காக நிற்கும். உடனே மறுபடி வேகமெடுத்து இரண்டாவது தடவை அழுத்தினால் தூரம் நீளும். மூன்றாவது தடவை பெடல் கல் மாதிரி இருக்கும், பிரேக் இருக்காது. டிரம்முக்குள் சூடு ஏறி லைனிங் பிடிப்பை இழந்துவிடும். இதோடு ஒல்லியான பழைய ரக டயர், பலவற்றில் இடுப்புக்கு மட்டும் பெல்ட், அதையும் யாரும் போடுவதில்லை. அமெரிக்கச் சாலைகளில் அதிகம் பேர் செத்த வருடம் 1972: 54,589 பேர். 2019இல் சுமார் 36,000, அதுவும் வண்டிகள் இரண்டரை மடங்கு தூரம் ஓடிய பிறகு. பெருமூச்சு விட உயிரோடு இருப்பவர்களிடம்தான் நாம் கதை கேட்கிறோம் என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நண்பரின் வகுப்பிலேயே இரண்டு பேர் இல்லை.

பிறகு விலை எப்படி ஏறியது? அந்தப் பையன்களுக்கு நாற்பது வயதானது, கையில் பணம் வந்தது, விற்றதைத் திரும்ப வாங்கக் கிளம்பினார்கள். வண்டிகளோ பெரும்பாலும் துருவாகிப் போயிருந்தன. 2014இல் ஒரு 1971 பிளிமத் ஹெமி குடா, திறந்த கூரை மாடல், சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அப்படிப்பட்டவை மொத்தமே பத்துப் பன்னிரண்டுதான் செய்யப்பட்டன. அவ்வளவு அபூர்வம் இல்லாதவைகூட இன்று பள்ளிப் பையன் பக்கம் வராது. 2009இல் அரசு பழைய கார்களுக்குப் பணம் கொடுத்து இன்ஜினில் சோடியம் சிலிகேட் ஊற்றி அழித்ததே, அதனால்தான் இவை ஒழிந்தன என்று ஒரு பேச்சு உண்டு. தவறு. அந்தத் திட்டத்தில் 25 வயதுக்குக் குறைவான வண்டியைத்தான் எடுத்தார்கள். மசில் கார்கள் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டன. அது கொன்றது அடுத்த தலைமுறைப் பையன்களின் 1,500 டாலர் கார்களை.

அடுத்த தலைமுறைக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1979இலிருந்து 1993 வரை வந்த பெட்டி வடிவ மஸ்டாங். 1982இல் 157ஆக இருந்த 5.0 லிட்டர் இன்ஜின் 1987இல் 225 குதிரைத்திறன் ஆனது. அதில் எல்.எக்ஸ். என்ற அலங்காரமில்லாத மாடல் ரோட் ரன்னருக்குத் தம்பி. தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு மூன்றாயிரம் டாலருக்குக் கிடைத்தது. அதை ஓட்டியவர்களுக்கு இப்போது நாற்பதுக்கு மேல். விலை ஏற ஆரம்பித்துவிட்டது, வழக்கம்போல.

இன்றைய பையன்கள்? 1983இல் பதினாறு வயதினரில் சுமார் 46 சதவீதம் பேரிடம் லைசென்ஸ் இருந்தது. 2014இல் நாலில் ஒருவர். இந்தக் காலம் வரை தாக்குப்பிடித்த மசில் கார்களான ஷெவர்லே கமாரோவும் டாட்ஜ் சேலஞ்சரும் 2023 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டன. என் மகனுக்குப் பதினேழு. லைசென்ஸ் எடுக்கச் சொல்லி நான்தான் நச்சரிக்கிறேன்.

இங்கே உட்வர்டு அவென்யூவில் 1995இலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. டெட்ராய்ட்டின் வடக்கே ஃபெர்ன்டேலில் தொடங்கி பான்டியாக் ஊர் வரை. அறுபதுகளில் பையன்கள் சிக்னலுக்கு சிக்னல் பந்தயம் விட்ட அதே ரோடு. ஒரு வருடம் நண்பரோடு போயிருந்தேன். ராயல் ஓக் பக்கம் ஒரு டஸ்டர் நின்றது. மஞ்சள் நிறம், கண்ணாடி மாதிரி பெயின்ட், கண்ணாடியில் விலைச் சீட்டு. விலையைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொந்தக்காரர், "உங்களிடம் இருந்ததா?" என்று கேட்டார்.

"இருந்தது. 318" என்றார்.

கதவைத் திறந்து பார்க்கலாமா என்று அனுமதி கேட்டார். சீட்டைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மூட்டு வலியோடு மெதுவாக மண்டி போட்டு, கால் விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கி, தரையைப் பார்த்தார்.